ஆகஸ்ட் 18

தினதியானப் புத்தகம் வாங்குகிறவர்கள் பலருக்கு அது எப்படித் தயாராகிறது என்று தெரிந்திருக்காது. ஜனவரி 1ஆம் தேதி காலையில் நீங்கள் படிக்கிற பக்கத்தை யாரோ ஒருவர் அதற்கு முந்தின மே மாதத்து வெயிலில் உட்கார்ந்து எழுதியிருப்பார். நான் எழுதிய புத்தகத்துக்குப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு மாதம். மேலே ஒரு வசனம், நடுவில் இருநூறு சொல்லுக்குள் செய்தி, கீழே மூன்று வரி ஜெபம். நான்கு வரி கூடினாலும் அடுத்த தேதியில் இடிக்கும் என்பதால் அளவு கறார். ஜூன் கடைசிக்குள் கைப்பிரதி போய்விட வேண்டும். ஆகஸ்டில் ப்ரூஃப் வரும். அக்டோபரில் சிவகாசியில் அச்சு. நவம்பரில் சபைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

2011ஆம் வருடப் புத்தகத்தில் எனக்குக் கிடைத்தது ஆகஸ்ட் மாதம். முப்பத்தொரு பக்கம்தானே என்று தோன்றும். பத்தாம் தேதியைத் தாண்டும்போதே கையிலிருந்த கதையெல்லாம் தீர்ந்துவிடும். அப்போது நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. பேப்பர் திருத்தி, சாப்பாடு முடிந்து, குடும்ப ஜெபமும் முடிந்த பிறகு ராத்திரி ஒன்பதரைக்குச் சாப்பாட்டு மேசையில் உட்காருவேன். சின்னவன் அதே மேசையின் மறுமுனையில் வீட்டுப்பாடம் எழுதுவான்.

அந்த மே மாதம், 2010இல், கொடைக்கானலில் கிறிஸ்தவ எழுத்தாளர்களுக்கு மூன்று நாள் முகாம் நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள், ஐயர்மார் என்று நாங்கள் சொல்லும் சபைப் போதகர்கள், ஓய்வுநாள் பள்ளிக்கு நாடகம் எழுதுகிறவர்கள். பெண்கள் ஆறு பேர். இந்த மாதிரிக் கூடுகைகளில் முதல் அமர்வு பெரும்பாலும் 1578இல்தான் தொடங்கும். கொல்லத்தில் ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சிட்ட பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்', அப்புறம் தரங்கம்பாடி, ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க், 1715இல் வந்த புதிய ஏற்பாடு. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுத்ததில்லை. அதே ஹென்றிக்கஸ் அடிகளார் 1586இல் 'அடியார் வரலாறு' என்று புனிதர்களின் வாழ்க்கைக் கதைகளையும் அச்சில் கொண்டுவந்தார். முத்துக்குளித்துறை மக்களுக்காகச் செய்த வேலை. எங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம், அந்தக் கரை. ஒரு மனிதருடைய வாழ்க்கையில் ஆண்டவர் செய்ததை எழுதி அடுத்தவருக்குக் கொடுக்கிற வழக்கத்துக்குத் தமிழில் அவ்வளவு வயது.

இரண்டாம் நாள் ஒரு மூத்த இதழாசிரியர் வகுப்பெடுத்தார். உங்கள் வீட்டு அடுக்களையைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள் என்றார். கிருபை, ஆசீர்வாதம், மகிமை, அபிஷேகம் இந்த நான்கு சொல்லும் வரக்கூடாது. அரை மணி நேரம். நான் பன்னிரண்டு வருடமாகச் சபைப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்தவள். முதல் கால் மணி நேரத்தில் ஒரு வரிகூட வரவில்லை. அந்த நான்கு சொல்லையும் எடுத்துவிட்டால் என் கையில் ஒன்றுமே மிச்சமில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு எழுதினேன்: "அடுப்புத் திண்டில் ஒரு விரிசல். அதில் விழுகிற உப்பை ராத்திரி ஈரத்துணியால் ஒத்தி எடுப்பேன். காலையில் மறுபடி இருக்கும்." அவர் அதை இரண்டு தடவை உரக்க வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை, நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மூன்று வரிக்காக அந்த முகாமுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவள்.

அவர் சொன்ன இன்னொன்று, "சொந்த அனுபவத்தை எழுதுங்கள்" என்பது. அமெரிக்க விமானி, ஸ்காட்லாந்து ஆட்டிடையன் என்று ஊர் ஊராகச் சுற்றிவரும் கதைகளை விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றார். உதாரணத்துக்குப் புனித அகுஸ்தீனார் தன் வாழ்க்கையைச் சொல்லும் 'அறிக்கைகள்'. அதில் ஒன்பதாம் புத்தகத்தில் தன் தாய் மோனிக்காவைப் பற்றி எழுதுகிறார். சிறுமியாக இருக்கும்போது பீப்பாயிலிருந்து திராட்சரசம் மொண்டு வர அனுப்பினால், வழியில் ஒரு வாய் குடிப்பாளாம். ஒரு வாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பையாகி, கடைசியில் வேலைக்காரப் பெண் ஒருத்தி சண்டையில் "குடிகாரி" என்று சொன்ன பிறகுதான் விட்டாளாம். பெற்ற தாயின் குறையையே எழுதினார், அதனால்தான் பதினாறு நூற்றாண்டு கழித்தும் மோனிக்கா நம் பக்கத்து வீட்டம்மா மாதிரி இருக்கிறாள் என்றார் ஆசிரியர். நான் அப்படியே குறித்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பி, ஆகஸ்ட் 18ஆம் தேதிப் பக்கத்துக்கு என் மூத்த மகளைப் பற்றி எழுதினேன்.

2009இல் ப்ளஸ் டூவில் அவள் கணக்கில் தேறவில்லை. 200க்கு 58. அப்போது 70 எடுத்தால்தான் பாஸ். ஜூலையில் நடந்த துணைத் தேர்வில் தேறி, தாமதமாக வெளியூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். என் பக்கத்தில் இதைச் சொல்லி, "அவள் அழுதாள். தோல்வி முடிவல்ல என்று சொல்லிக் குடும்பமாக அவள் பக்கத்தில் நின்றோம்" என்று எழுதியிருந்தேன். முகாமில் கற்றுக்கொண்டபடி பெரிய சொற்களைத் தவிர்த்து, மதிப்பெண்ணைக்கூட எண்ணாகவே போட்டேன். நான் அதுவரை எழுதியதில் நல்ல பக்கம் அதுதான் என்று நினைத்தேன். மகள் பெயரைப் போடவில்லை. பக்கத்தின் அடியில் வழக்கப்படி என் பெயரும் ஊரும் இருந்தன.

2011 ஆகஸ்ட் 18, வியாழக்கிழமை. காலை ஏழேகாலுக்கு ஹாஸ்டலிலிருந்து அவள் ஃபோன் வந்தது.

"அம்மா, இன்னைக்கு ப்ரேயர்ல உங்க பக்கத்த வாசிச்சாங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்படியா! யாரு வாசிச்சா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்கம்மா."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். மஞ்சள்காமாலை வந்ததால் தாமதமாகச் சேர்ந்ததாக அவள் அங்கே சொல்லியிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இரண்டு வருடமாக அந்த விடுதியில் யாருக்கும் தெரியாமல் அவள் காத்து வைத்திருந்ததை, ஒரே காலையில் இருநூறு பெண்களுக்கு முன்னால் என் எழுத்து திறந்து போட்டுவிட்டது. தேதி போட்ட புத்தகத்தின் வேலையே அதுதான். ஒரே நாள், ஒரே நேரம், எங்கெங்கோ இருக்கிற கூடங்களில் ஒரே பக்கம் வாசிக்கப்படும். எழுதுகிறவருக்குக் கேட்கிறவர்களின் முகம் தெரியாது. அந்தக் கூடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

என் பக்கங்களையெல்லாம் ப்ரூஃபில் என் கணவர் ஒரு முறை படிப்பார். அந்தப் பக்கத்தையும் படித்திருந்தார். அன்று ராத்திரி, "எனக்கு அப்பவே உறுத்துச்சு. நீ சந்தோஷமா எழுதிக்கிட்டிருந்த, அதான் சொல்லல" என்றார். அவரிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அந்தப் பக்கத்துக்குப் பதினோரு கடிதங்கள் வந்தன. பிள்ளை தேறாத வீடுகளிலிருந்து வந்த கடிதங்கள். ஒரு தாய், அன்றைக்குத் தன் மகனை அடிக்க ஓங்கிய கையை இறக்கினதாக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை என்ன செய்வது? இன்றைக்கும் என் வேதாகமத்துக்குள்தான் வைத்திருக்கிறேன். என் மகளுக்கு வலித்ததும் உண்மை, அந்தப் பையன் அடி வாங்காமல் தப்பினதும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழித்துக் கணக்கு முடிக்க என்னால் ஆகவில்லை.

சொந்த அனுபவம்தான் வாசகரைத் தொடும் என்பது பதிப்பகங்களுக்கு நன்றாகத் தெரியும். கன்வென்ஷன் பந்தலுக்கு வெளியே புத்தக மேசைக்குப் பின்னால் நானே பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கரைவது வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை, அடுத்தது சாட்சிப் புத்தகம், அதாவது ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததை ஒருவர் தானே சொல்வது. வேத விளக்கவுரைகள் கொண்டுபோன கட்டாகவே திரும்பி வரும். "சாட்சியா இருந்தா அனுப்புங்க சிஸ்டர்" என்று இதழ்களிலிருந்து கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை எங்கள் நெல்லைச் சீமையில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்று, 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தைக் கொடுத்தவர். அத்தனை ஆயிரம் வரிகளோடு, அவர் எப்படி மனம் மாறினார் என்ற கதையையும் எங்கள் வீடுகளில் சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். மனிதர் மனிதரைத்தான் தேடுகிறார்கள்.

2015 கடைசியில் என் கட்டுரைகளைத் தொகுத்து ஒரு பதிப்பகம் புத்தகமாகப் போட முன்வந்தது. டெமி அளவு, பதினாறு பக்கம் கொண்ட அச்சுத்தாள் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் ஒன்பது ஃபாரம், 144 பக்கம், ஆயிரம் பிரதி. ராயல்டி பத்து சதவீதம், பணமாக இல்லை, நூறு புத்தகமாக. எந்த வேதாகமத்திலிருந்து வசனம் எடுப்பது என்பதிலேயே ஒரு மாதம் போனது. கத்தோலிக்க வாசகர்களுக்கும் போக வேண்டும், 1995இல் வந்த திருவிவிலியத்திலிருந்து எடுங்கள் என்றார்கள். அதில் 23ஆம் சங்கீதம் "ஆண்டவரே என் ஆயர்" என்று தொடங்கும். என் அம்மா எனக்கு மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்". அர்த்தம் ஒன்றுதான், நல்ல தமிழும்தான். ஆனாலும் என் கை எழுத மறுத்தது. கடைசியில் பழையதே இருக்கட்டும் என்று விட்டார்கள். சரி, அது வேறு கதை.

மகளைப் பற்றிய ஆகஸ்ட் பக்கத்தை நான்கு பக்கக் கட்டுரையாக விரித்து முதல் கட்டுரையாக வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். இந்த முறை அவளிடம் கேட்காமல் செய்வதில்லை என்று இருந்தேன். கிறிஸ்மஸுக்கு அவள் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள், வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. ப்ரூஃபைக் கையில் கொடுத்தேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து படித்தாள். நான் உள்ளே முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். வந்து தாளை மேடைமேல் வைத்தாள்.

"இது நடக்கலம்மா," என்றாள்.

"எது?"

"நான் ஃபெயிலானதுக்கு அழல. சபையில எல்லாரும் கேப்பாங்கன்னு என்னைய நாகர்கோவிலுக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பினீங்கல்ல, அதுக்குத்தான் அழுதேன். பஸ்ஸில வள்ளியூர் வரைக்கும் அழுதேன்."

எண்ணெய் காய்ந்து புகைந்தது. அடுப்பை அணைத்தேன்.

அனுப்பினோம்தான். ரிசல்ட் வந்த மறுநாள் காலையில், ஐந்து நாளுக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்டவர்களிடம், "லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருக்கா" என்று சிரித்த முகத்தோடு நானே சொன்னேன். எழுதும்போது அதை மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. அவள் பக்கத்தில் நின்றோம் என்பதுதான் என் ஞாபகமாகவே ஆகிப்போயிருந்தது.

அதுவரை, கேட்காமல் எழுதியதுதான் என் குற்றம் என்று நான்கு வருடமாக வருந்திக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் நான் எழுதியதே நடந்தது இல்லை என்று தெரிந்தது. "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக." ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்கு அதை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சாட்சி என்பது நமக்கு வழக்கு மன்றத்திலிருந்து வந்த சொல். கண்டவர் கண்டதைச் சொல்வதற்குப் பெயர் அது. வள்ளியூர் வரைக்கும் அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தது அவள். நான் வீட்டில் இருந்தேன்.

பிறகு அகுஸ்தீனாரை நானே எடுத்துப் படித்தேன். முகாமில் சொல்லாமல் விட்ட ஒரு சிறு தொடர் அங்கே இருக்கிறது. திராட்சரசக் கதையை மோனிக்காவே தன் மகனிடம் சொன்னதாக அவர் எழுதுகிறார். அவளே வாய்திறந்து கொடுத்த கதை அது. அவர் எழுதியதும் அவள் காலமாகிப் பத்து வருடத்துக்குப் பிறகு.

கட்டுரையை எடுத்துவிட்டேன். பதிப்பகத்தாருக்கு வருத்தம்தான், பின்னட்டை வாசகம்கூட அதை வைத்தே எழுதியிருந்தார்கள். ஃபாரம் கணக்கு மாறக்கூடாது என்பதால் கடைசி நான்கு பக்கமும் வெற்றுத்தாளாகப் போயின. மேலே 'குறிப்புகளுக்காக' என்று மட்டும் போட்டார்கள். என் பங்கு நூறு புத்தகத்தையும் என் கணவர் இரண்டு கட்டாகக் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தார். கொஞ்சம் இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

இப்போதும் எழுதுகிறேன். வீட்டில் யாரைப் பற்றி ஒரு வரி வந்தாலும் அவர்களை உட்கார வைத்து முழுதும் வாசித்துக் காட்டுவேன். எழுதினதைக் கையில் கொடுத்தால் மரியாதைக்குச் சரி என்றுவிடுவார்கள். வாசித்தால் எந்த இடத்தில் முகம் மாறுகிறது என்று தெரியும். என் கணவர் அப்படி இரண்டு கட்டுரைகளை வேண்டாம் என்றிருக்கிறார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன வருடம் ஒரு முகாமில் என்னை வகுப்பெடுக்கச் சொன்னார்கள். இந்தக் கதையைப் பாதிதான் சொன்னேன். ஒரு இளம் ஐயரம்மா எழுந்து, "அப்போ எதைத்தான்க்கா எழுதறது?" என்று கேட்டார். "நாம செஞ்ச தப்பை எழுதலாம்மா" என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகும் மனசு நிம்மதிப்படவில்லை. நான் செய்த தப்பு என்றாலும் அதன் மறுமுனையில் ஒருத்தி இருக்கிறாளே.

அதனால் இதையும் எழுதி முடித்தவுடன் வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. நேற்று ராத்திரி குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் படித்திருக்கிறாள். போடலாம் என்று எழுதியிருந்தாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் திருத்தம். அத்தை வீட்டில் மூன்று நாள் என்று நான் எழுதியிருந்தேன். ஐந்து நாள் என்று மாற்றி அனுப்பியிருக்கிறாள்.