கலூருக்கு ஒரு நீலச் சட்டைப் பயணம்

2023-24 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்துப் பருவத்தின் அட்டவணை செப்டம்பரில் வெளியானபோது, நானும் நண்பர்களும் முதலில் தேடியது கேரளா பிளாஸ்டர்ஸ் அணியுடன் எங்கள் அணியான சென்னையின் எஃப்சி கொச்சியில் ஆடும் நாளைத்தான். நவம்பர் 29, புதன்கிழமை, இரவு 8 மணி என்றிருந்தது. வார நாள், இரவு ஆட்டம், ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தூரம். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் ரசிகர்கள் பெரும்பாலும் போகும் வழியைத்தான் முதலில் யோசிப்பார்கள். நாங்கள் திரும்பும் வழியிலிருந்து தொடங்கினோம். கொச்சிக்குப் போகிற எவருக்கும் நான் அழுத்திச் சொல்வது இதுவே: ஆட்டம் முடியும் மணியைத் தாளின் நடுவில் எழுதிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு முன்னும் பின்னும் அடுக்க வேண்டும்.

8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 10 மணி ஆகிவிடும். கொச்சி நகரின் எறணாகுளத்திலிருந்து சென்னைக்குப் புறப்படும் வசதியான இரவு ரயில்களான திருவனந்தபுரம் மெயிலும் ஆலப்புழை எக்ஸ்பிரஸும் மாலையிலேயே ஊரைக் கடந்துவிடுகின்றன. ஆட்டத்தைக் கடைசி விசில் வரை பார்க்க நினைப்பவருக்கு அந்த இரண்டு வண்டிகளும் பயன்படாது. ஆகவே இரவு அங்கேயே தங்கி வியாழக்கிழமையை முழுதும் பயணத்தில் கழிக்க வேண்டும், அல்லது இரவோடு இரவாகச் சாலை வழியே கோயம்புத்தூரை அடைந்துவிட வேண்டும். கோவையிலிருந்து காலை 6 மணிக்குப் புறப்படும் வந்தே பாரத் நண்பகலுக்கு முன்பே சென்னை சென்ட்ரலுக்கு வந்துவிடும். அந்த ரயிலுக்கு அப்போது புதன்கிழமை மட்டுமே விடுமுறை என்பதால், எங்களுக்குத் தேவையான வியாழக்கிழமையில் தடையில்லை. வியாழன் பிற்பகலில் வேலைக்குப் போயாக வேண்டியவர்கள் எங்களுள் இருந்ததால் இரண்டாவது வழியையே தேர்ந்தெடுத்தோம்.

இத்தனை மெனக்கெட்டுக் கொச்சிக்குப் போக வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். இந்த இரண்டு அணிகளுக்கும் இடையே இருப்பது ஐஎஸ்எல்லின் முதல் ஆண்டிலேயே தொடங்கிய கணக்கு. 2014 அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் 3-0 என்று தோற்றோம். சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் மூன்று கோல்களையும் திருப்பி அடித்துச் சமன் செய்தபின், கூடுதல் நேரத்தின் இறுதிக் கட்டத்தில் கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒரே கோல் எங்களை வெளியேற்றியது. அதன்பின் 2015லும் 2017-18லும் நாம் கோப்பையை வென்றோம். கேரளாவோ 2014, 2016, 2021-22 ஆகிய மூன்று இறுதி ஆட்டங்களிலும் தோற்றது. ஆனாலும் கொச்சியின் கலூர் மைதானத்தில் மஞ்சள் சட்டையணிந்த கேரள ரசிகர் கூட்டத்துக்கு நடுவே நம் அணி எப்படி நிற்கிறது என்பதை நேரில் பார்ப்பதற்கு ஈடாக எந்தக் கோப்பைக் கணக்கும் எனக்குத் தோன்றவில்லை. வெளியூரில் ஆடும் அணிக்கு நூறு பேரின் குரலாவது கேட்க வேண்டும் என்பதை நான் மனதார நம்புகிறேன்.

போகும் ரயிலைத் தேர்ந்தெடுப்பதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. நவம்பர் பாதியில் கார்த்திகை பிறந்து சபரிமலை மண்டல காலம் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து கோட்டயம், செங்கன்னூர் வழியாகச் செல்லும் எல்லா வண்டிகளிலும் மாலையணிந்த ஐயப்ப பக்தர்கள் நிறைந்துவிடுவார்கள். திருவனந்தபுரம் மெயில் அந்தப் பாதையில்தான் போகிறது. அன்றைய விதிப்படி முன்பதிவு 120 நாட்களுக்கு முன்பே திறந்துவிட்டது என்பதால், அட்டவணை வெளிவந்த செப்டம்பரில் நாங்கள் பார்த்தபோது அதில் காத்திருப்புப் பட்டியல் நீளத் தொடங்கியிருந்தது. ஆலப்புழை எக்ஸ்பிரஸ் எறணாகுளம் ஜங்ஷனுக்குப் பிறகு கடற்கரைப் பாதையில் திரும்பி ஆலப்புழையோடு நின்றுவிடுவதால், செங்கன்னூர் போகிறவர்கள் அதை அவ்வளவாக நாடுவதில்லை. அதில் எங்கள் அனைவருக்கும் ஸ்லீப்பரில் படுக்கை கிடைத்தது. செவ்வாய் இரவு சென்ட்ரலில் ஏறினால் புதன் காலை எறணாகுளத்தில் இறங்கலாம்.

அடுத்தது ஆட்டச் சீட்டு. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கு 3,000 இருக்கைகள் வரையிலோ மைதானக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கோ ஒதுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அவர்களுக்கான சீட்டின் விலைக்கு 2016-17 பருவத்திலிருந்து 30 பவுண்டு உச்சவரம்பும் இருக்கிறது. நம் ஊரில் அவ்வளவு உறுதியான ஏற்பாட்டை எதிர்பார்த்துப் போக முடியாது. ஆகவே தனித்தனியாக இணையத்தில் சீட்டு வாங்குவதைவிட, ரசிகர் குழுவின் வழியாகப் பேசி, வெளியூர் ரசிகர்களுக்கு எந்தப் பகுதி, எந்த வாயில் என்பதை உறுதி செய்துகொண்டு ஒரே தொகுதியாக வாங்குவதே சரி. கிழக்கு கேலரி கேரளா பிளாஸ்டர்ஸின் ரசிகர் குழுவான மஞ்ஞப்படையின் இடம் என்பது ஐஎஸ்எல் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். மலிவாகக் கிடைக்கிறது என்று நீலச் சட்டையோடு அந்தப் பக்கம் சீட்டு வாங்குவது மரியாதையும் அல்ல, பாதுகாப்பும் அல்ல. அவர்கள் பருவம் முழுவதும் பாடி உருவாக்கிய இடம் அது.

மேளம், பெரிய பதாகை, கொடிக்கம்பு ஆகியவற்றுக்கு முன் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பதால், துணிக்கொடிகளை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டோம். தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், லைட்டர் எதுவும் வாயிலைத் தாண்டாது. பைகளை மைதானத்துக்குக் கொண்டுபோகாமல் இருக்க, தெற்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் ஒரு நாள் வாடகைக்கு இரண்டு அறைகள் எடுத்தோம். எறணாகுளம் ஜங்ஷனை அந்த ஊரார் சவுத் என்றும், டவுன் நிலையத்தை நார்த் என்றும்தான் சொல்வார்கள். ஆட்டோவில் ஏறும்போது இந்தப் பெயர்களைச் சொன்னால் குழப்பம் வராது.

கொச்சியில் பகல் சுகமாகவே போனது. காலையில் புட்டும் கடலைக் கறியும் சாப்பிட்டுவிட்டு, அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கியிருந்த வாட்டர் மெட்ரோ படகுச் சேவையில் ஹைகோர்ட் துறையிலிருந்து வைப்பினுக்குப் போய் வந்தோம். மதியத்துக்கு மேல் எல்லோரையும் கட்டாயமாகத் தூங்க வைத்தோம். இரவு முழுவதும் பயணம் இருக்கும்போது பகலில் கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி என்று சுற்றித் திரிவது ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் குரலைப் பறித்துவிடும்.

மைதானத்துக்கு மெட்ரோவைத் தவிர வேறு எதிலும் போகக் கூடாது. எறணாகுளம் சவுத்தில் ஏறினால் மகாராஜாஸ், எம்.ஜி. ரோடு, டவுன் ஹால், கலூர் ஆகியவற்றைக் கடந்து ஜேஎல்என் ஸ்டேடியம் நிலையம் வந்துவிடும். மைதானம் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. ஆட்ட நாளில் கலூர், பாலாரிவட்டம் சாலையில் காரில் சிக்கியவர்கள் தேசிய கீதத்தையே தவறவிடுகிறார்கள். ஐஎஸ்எல் இரவுகளில் கொச்சி மெட்ரோ கடைசி வண்டியின் நேரத்தை நீட்டிப்பதும் வழக்கம். 6 மணிக்கு நாங்கள் ஏறிய பெட்டியில் எங்களைத் தவிர எல்லோரும் மஞ்சள். ஜெர்சியை மறைத்துக்கொள்ளலாமா என்று எங்களுள் இளையவன் கேட்டான். வேண்டாம் என்றேன். எதிரில் நின்ற முதியவர் ஒருவர், தன் பேத்தியின் கையைப் பிடித்தபடியே, "சென்னையில் இருந்தா மோனே? நல்ல களி காணாம்" (நல்ல ஆட்டம் பார்க்கலாம்) என்று சிரித்தார். கொச்சியின் கூட்டத்தைப் பற்றிச் சொல்லப்படும் பயமுறுத்தல்களைக் கேட்டுத் தயங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். முறைத்துப் பார்த்தவர்களும் இருந்தார்கள், ஆனால் வழி கேட்டபோது அவர்களும் சொன்னார்கள்.

ஆட்டத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் இன்னும் சரியாக உட்காராத முதல் நிமிடத்திலேயே எங்கள் ரஹீம் அலி கோல் அடித்தார். முழு மைதானமும் ஒரே நொடியில் அடங்கிய அந்தச் சத்தமின்மையில் எங்கள் சிறு கூட்டத்தின் கூச்சல் மட்டும் தனியாகக் கேட்டது. கேரளாவின் டியாமன்டகோஸ் பெனால்டியில் சமன் செய்ய, ஜோர்டன் மரே எங்களுக்குக் கிடைத்த பெனால்டியை அடித்து மீண்டும் முன்னிலை தந்தார், பின்பு இன்னொரு கோலும் அடித்தார். 3-1. இடைவேளைக்கு முன் கேரளாவின் குவாமே பெப்ரா ஒரு கோலைத் திருப்பி அடித்தார். இரண்டாம் பாதியில் டியாமன்டகோஸ் மறுபடியும் அடித்தபோது, சிமெண்டுப் படிகள் கால்களுக்குக் கீழே அதிர்ந்ததை உணர்ந்தேன். 3-3 என்றே முடிந்தது. இரண்டு கோல் முன்னிலையை விட்டுவிட்ட வருத்தம் இருந்தது. ஆனால் எங்கள் பயிற்சியாளர் ஓவன் கோயிலின் ஆட்டக்காரர்கள் எங்கள் பக்கம் வந்து கைதட்டியபோது, அதை வாங்கிக்கொள்ள அங்கே நாங்கள் இருந்தோம்.

இதற்குப் பிறகுதான் திட்டத்தின் கடினமான பகுதி. வெளியூர் ரசிகர்கள் கூட்டம் கலையும்வரை இருக்கையிலேயே இருக்கும்படி பெரும்பாலும் கேட்டுக்கொள்ளப்படுவார்கள். அதற்கென்று நாங்கள் முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். கோவை போவதற்கு அமர்த்திய வாடகை வேனை மைதானத்துக்கு வரச் சொல்லாமல், லாட்ஜிலிருந்து பைகளை ஏற்றிக்கொண்டு இடப்பள்ளி மெட்ரோ நிலையத்துக்கு அருகில் நிற்கச் சொல்லியிருந்தோம். கோவைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 544 அங்கிருந்துதான் ஆலுவா, அங்கமாலி, திருச்சூர் என்று நீள்கிறது, நகர நெரிசலுக்குள் வண்டி திரும்பி வர வேண்டியதில்லை. கேரள வாடகை வண்டி வாளையாறைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வர அனுமதிச் சீட்டு வேண்டும். அதன் கட்டணம் வாடகையில் அடங்குமா என்பதை முன்பே பேசி முடிப்பது நல்லது. பகலில் நன்றாகத் தூங்கிய ஓட்டுநரை அனுப்பும்படி கேட்டுக்கொண்டதை நான் இந்தத் திட்டத்தின் மிக முக்கியமான வரியாகக் கருதுகிறேன். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இரவுச் சாலையில் பிடிக்கக் கூடாது.

ஏறத்தாழ 190 கிலோமீட்டர். முன்பெல்லாம் குதிரான் மலையேற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் மணிக்கணக்கில் நின்ற பாதை அது. இப்போது இரட்டைச் சுரங்கம் திறந்துவிட்டதால் சில நிமிடங்களில் மலையைக் கடந்துவிட முடிகிறது. இந்தச் சுரங்கம் இல்லாவிட்டால் காலை 6 மணி ரயிலை நம்பி இப்படி ஒரு திட்டம் போட நான் துணிந்திருக்க மாட்டேன். பாலக்காட்டுக்கு அருகே ஒரு தேநீர்க்கடையில் நிறுத்தி, மரேவின் பெனால்டியைக் கைபேசியில் மறுபடி பார்த்தோம். பொழுது விடியும் முன்பே கோவை ஜங்ஷன் நடைமேடையில் இருந்தோம்.

இனிப் போகிறவர்களுக்கு ஒன்று மாறியிருக்கிறது. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 60 நாட்களாகக் குறைந்துவிட்டது. அட்டவணை அதற்கு முன்பே வெளிவந்துவிட்டால், பதிவு திறக்கும் காலை 8 மணிக்கே மற்றவர்களோடு சமமாகப் போட்டியிட முடியும். ரயில் ஏறும் தேதியிலிருந்து 60 நாட்களைப் பின்னோக்கி எண்ணி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். திரும்பும் ரயிலின் வார விடுமுறையைச் சரிபாருங்கள். தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக ஆட்ட நேரம் மாறினாலும் குலையாதபடி வேனுக்கான முன்பணத்தை மட்டும் கடைசி வாரத்தில் கொடுங்கள்.