தூங்குகிற தாயை எழுப்பும் வேலை

பிரசவம் முடிந்து தாயையும் பிள்ளையையும் கட்டிலுக்குக் கொண்டுவந்த பிறகு, முதல் இரண்டு மணி நேரம் பேறுகால வார்டுச் செவிலியர்களான நாங்கள் கால் மணிக்கு ஒரு முறை வந்து தாயின் அடிவயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்ப்பது உடனிருக்கும் பெரியவர்கள் பலருக்குப் பிடிப்பதில்லை. "ராப்பூரா வலி பொறுத்த பிள்ளை, செத்த நேரம் கண்ணசரட்டும் தாயி" என்று உசிலம்பட்டிப் பக்கத்து அம்மாச்சி ஒருவர் சென்ற வாரம் என் கையையே பிடித்துக்கொண்டார். அந்தச் சொல்லில் பேத்தியின் மேலுள்ள பாசத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனாலும் நான் எழுப்பினேன். அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டிய அவசரத்தில் அவருக்குக் காரணம் சொல்ல முடியாமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்து வெளியே வந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் வாய் திறந்தபடி நிற்கும். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும் கருப்பைத் தசை சுருங்கும்போதுதான், அதனூடே செல்லும் அந்தக் குழாய்கள் சுருக்குப் போட்டதுபோல் இறுகி அடைபடுகின்றன. நன்றாகச் சுருங்கிய கருப்பை தொப்புளையொட்டி, உரித்த தேங்காய்போலக் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். தளர்ந்துவிட்டால் பிசைந்த மாவில் கை வைத்ததுபோல் விரல் அமிழும். இந்த வித்தியாசத்தைக் கட்டிலின் பக்கத்தில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கை வைத்தால்தான் தெரியும்.

நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு, இரண்டாவது பிள்ளை பெற்ற ஒரு பெண் அயர்ந்து தூங்குவதைப் பார்த்து இரக்கப்பட்டு, ஒரு முறை கை வைத்துப் பார்க்காமல் விட்டுவிட்டேன். பேட் அதிகம் நனையவில்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மூத்த சிஸ்டர் வந்தார். என்னை ஒரு வார்த்தையும் கேட்காமல் நேரே அந்தப் பெண்ணின் இடுப்புக்குக் கீழே கையை விட்டு எடுத்தார். கை முழுவதும் ரத்தம். பேட்டில் தங்காமல் முதுகுப் பக்கமாக ஓடிச் சேலையிலும் விரிப்பிலும் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. கருப்பை தொப்புளுக்கு மேலே ஏறி, வலப்பக்கம் ஒதுங்கி, தளர்ந்து கிடந்தது. மூத்திரப்பை நிறைந்து போனால் கருப்பையை இப்படித் தள்ளிச் சுருங்கவிடாமல் செய்துவிடும். சிறுநீரை வடித்து, வயிற்றை வட்டமாகத் தேய்த்துக்கொடுத்து, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தை டிரிப்பில் ஏற்றியதும் கைக்குக் கீழே அது இறுகுவதை உணர்ந்தேன். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். இளம் வயது உடம்பு நிறைய ரத்தம் இழக்கும்வரை ரத்த அழுத்தத்தை விட்டுக்கொடுக்காது, நாடித்துடிப்புதான் முதலில் ஏறும் என்பதைப் பாடத்தில் படித்திருந்தும், நாடியைக்கூடத் தொடாமல் முகத்தின் அமைதியை நம்பிய அந்தக் கால் மணி நேரத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பேறுகால வார்டில் அமைதியைச் சந்தேகிக்க வேண்டிய இன்னொரு இடம் உண்டு. ரத்த அழுத்தம் 160/110-க்கு மேல் போய், தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று வரும் தாய்க்கு, வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் போடுகிறோம். மேல்வயிற்று வலியை வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காலம் தாழ்த்தி வருகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் பதறும். அந்த மருந்து உயிரைக் காப்பதுதான். ஆனால் உடம்பில் அளவு மீறினால் முழங்காலில் தட்டினால் கால் தானாக உதறும் அனிச்சைச் செயல் முதலில் போகும், பிறகு மூச்சு குறையும். வெளிப்பார்வைக்கு அவர் நிம்மதியாக உறங்குவதாகத்தான் தெரியும். எனவே ஒவ்வொரு வேளை ஊசிக்கு முன்பும் முழங்காலில் தட்டிப் பார்க்கிறோம், மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுகிறோம், சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது இறங்குகிறதா என்று அளக்கிறோம். அதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளூக்கோனேட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கிறோம்.

பிள்ளைக்கும் இதே கதைதான். "தங்கமான பிள்ளை, அழவே மாட்டேங்குது" என்று சொல்லக் கேட்டால் நான் உடனே போய்ப் பார்த்துவிடுவேன். சர்க்கரை குறைந்தாலும், கிருமித் தொற்று ஏற்பட்டாலும், மஞ்சள் காமாலை ஏறினாலும் பச்சிளங்குழந்தை முதலில் செய்வது பால் குடிக்காமல் தூங்குவதுதான். தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. உடம்பு சில்லிட்டும் போகலாம்.

காமாலைக்கு இப்போது நாங்கள் நீல ஒளியில் குழந்தையைக் கிடத்துகிறோமே, அதற்கு வழி திறந்ததே ஒரு செவிலியரின் கண்தான். 1956-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ராக்ஃபோர்டு மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகள் பிரிவைக் கவனித்துவந்த, வார்டு என்ற பெயருடைய சிஸ்டர், குழந்தைகளை வெளியே இளவெயிலில் கொண்டுபோய் வைப்பார். ஒரு குழந்தையின் உடம்பு வெளுத்திருக்க, துணியின் ஓரம் மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே நின்றதை மருத்துவர்களிடம் காட்டினார். 1958-இல் ஒளி சிகிச்சை பற்றிய கட்டுரை வெளிவந்தது. வேளைக்கு வேளை துணியை விலக்கிப் பார்க்கிறவர் கண்ணில்தான் இது பட்டிருக்க முடியும்.

அப்படியானால் வாசல் வெயில் போதாதா என்று அம்மாச்சிகள் கேட்பது நியாயமான கேள்வி. போதாது. தேவையான ஒளியை அளந்து பல மணி நேரம் கொடுக்க வெயிலால் முடியாது. பிள்ளைக்குச் சூடோ குளிரோ தாக்கும், காமாலை ஏறும் நேரமும் வீணாகும். பேர் சொல்லாததை, அதாவது வசம்பை, சுட்டு உரசி நாக்கில் தடவுவதையும், பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைப்பதையும் விட்டுவிடுங்கள் என்று நான் கெஞ்சியே கேட்கிறேன். ஆறு மாதம்வரை தாய்ப்பால் ஒன்று போதும். பிள்ளை நாளுக்கு எட்டு முறையாவது குடிக்க வேண்டும். முதல் வாரங்களில் மூன்று மணி நேரம் தாண்டித் தூங்கினால் போர்த்திய துணியை விலக்கி, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்பிக் குடிக்க வையுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது நான் கடைசியாகக் காட்டிக்கொடுப்பது இதைத்தான்: பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் பிள்ளையை வைத்து, நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால் தோல் என்ன நிறமாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். டியூப் லைட்டில் மஞ்சள் ஏமாற்றிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், பிறகு உள்ளங்கை உள்ளங்கால்வரை இறங்கினாலும், எழுப்பியும் பிள்ளை வாய் வைக்காவிட்டாலும், விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழைத்து அந்நேரமே கிளம்பி வர வேண்டும்.