டேர்ன்டேபிளை மாற்றுவதா, ஊசியை மாற்றுவதா?

டேர்ன்டேபிளில் இசைத்தட்டைப் போட்டால் பாட்டு மங்கலாகக் கேட்கிறது, ‘ஸ’ வருகிற இடமெல்லாம் சீறுகிறது என்றால் உடனே புது மெசின் வாங்கும் யோசனை வந்துவிடும். அவசரப்பட வேண்டாம். அந்தக் குறை அநேகமாக ஊசியில்தான் இருக்கும். நீள்வட்ட முனை ஊசி ஏறத்தாழ 300 மணித்தியாலம் நன்றாக ஓடும். நாளுக்கு ஒரு எல்.பி. தட்டை இரண்டு பக்கமும் போட்டால் ஒன்றேகால் வருடத்தில் அது முடிந்துவிடும். தேய்ந்த ஊசியை எத்தனை இலட்சம் ரூபாய் மெசினில் மாட்டினாலும் சீறும், தட்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

புது ஊசி போட்டதும் அது தட்டை அழுத்தும் பாரத்தைச் சரிபாருங்கள். ஓடியோ-டெக்னிக்காவின் வி.எம்.95ஈ காட்ரிஜுக்கு (ஊசி பூட்டியிருக்கும் சின்னப் பெட்டி) 2 கிராம். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று போதும். பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை. இலேசான ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளிச் சுவரைச் சிதைக்கும். அடுத்தது காட்ரிஜ் நிற்கும் கோணம். அதைப் பார்க்கப் பிரிண்ட் எடுத்த அளவுத்தாளில், மெசினின் நடு அச்சிலிருந்து 66, 120.9 மில்லிமீட்டர் தூரத்திலுள்ள புள்ளிகள் இரண்டிலும் காட்ரிஜ் கோடுகளுக்கு நேராக நிற்கவேண்டும். கடையில் பிரிண்ட் எடுக்கும்போது தாளுக்குள் அடக்கச் சுருக்கிவிடுவார்கள், ஆகவே முதலில் அடிமட்டம் வைத்து அளவுத்தாளையே அளந்து பாருங்கள். தட்டின் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறதென்றால் இந்தக் கோணத்தில்தான் முதலில் சந்தேகப்படவேண்டும்.

இனி வேகம். மெசினின் சுழலும் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டி, ஊசி ஓடும்போதே போன் ஸ்டொப்வொச்சில் 100 சுற்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் சரியாக 3 நிமிடம் வரவேண்டும். 3 நிமிடம் 36 செக்கன் வந்தால் கதை வேறு: கனடாவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த மெசினாக இருக்கும். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸைத் தொடாது. ஏ.சி. சிங்க்ரோனஸ் மோட்டரின் வேகம் ஹேர்ட்ஸைப் பிடித்துத்தான் ஓடும், அதனால் 33⅓ என்பது 27.8 ஆகிவிடும். 50 ஹேர்ட்ஸுக்கான புல்லி (மோட்டரில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம்) கிடைத்தால் மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் அந்த மெசினுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். டி.சி. மோட்டர், குவார்ட்ஸ் டிரெக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டரே நேராகச் சுழற்றுவது) வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவற்றுக்கு ட்ரான்ஸ்போமர் போதும். கரண்ட் போகும் நேரத்தில் மலிவு இன்வேர்ட்டரில் ஏ.சி. மோட்டரை ஓட்டாதீர்கள். உறுமும், சூடாகும்.

வேகம் ஆடி அசைந்தால் முதலில் பெல்ட். கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கிழக்குக் கரையோரம் முழுக்க உப்புக்காற்றும் புழுக்கமும்தான். றப்பர் தளரும், அம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரின் ஆர்.சி.ஏ. பிளக்குகள் பச்சை பூக்கும். ஒரு பக்க ஸ்பீக்கர் வந்து வந்து போனால் காட்ரிஜின் பின்னால் உள்ள நாலு கிளிப்புகளையும் (வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை) ஒவ்வொன்றாக மெதுவாகக் கழற்றித் துடைத்துப் போடுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் படபடவென்று வெடிக்கிற சத்தத்துக்கு வரண்ட காற்றில் தட்டில் ஏறுகிற மின்னேற்றமும் காரணமாகலாம். கார்பன் பிரஷ் வாங்கினால் போதும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளை அல்கஹோல் கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது, அவை செய்யப்பட்ட செலக் (அரக்கு) கரைந்துவிடும்.

இவ்வளவும் செய்தபிறகும் குறை இருந்தால்தான் மெசினைப் பற்றிக் கதைக்கவேண்டும். காட்ரிஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மைப் பாரமற்றுக் காற்றில் மிதக்கும்படி சமன்செய்து, அந்தக் கையை வெளிப்பக்கம் இழுக்கும் அன்டி-ஸ்கேட்டைப் பூச்சியத்தில் வைத்து மெல்ல ஊதுங்கள். இலேசாக நகராமல் ஓரிடத்தில் சிக்கினாலோ, விரலால் ஆட்டும்போது முட்டில் கடகடத்தாலோ அதன் பெயரிங் போய்விட்டது. இங்கே அதைத் திருத்த ஆள் தேடுவதைவிட வேறு மெசின் வாங்குவது இலாபம். சூட்கேஸ் மாதிரி வரும் செரமிக் காட்ரிஜ் மெசின்களும் அப்படித்தான்: பாரத்தை மாற்ற வழியில்லை, 5 கிராமுக்கும் மேலே அழுத்தும். அவற்றைக் கேள்வி கேட்காமல் மாற்றலாம்.

ஆனால் உறுமல் மட்டும்தான் என்றால் பொறுங்கள். மெசினை நிறுத்தி, ஓடாத தட்டில் ஊசியை வைத்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி மேசையைத் தட்டுங்கள். டொம் டொம் என்று ஸ்பீக்கரில் கேட்டால் குறை மேசையில். மெசினை ஸ்பீக்கர் நிற்கும் அதே பலகையை விட்டுச் சுவரில் அடித்த வேறு பலகைக்கு மாற்றுங்கள். மேசையைத் தொடாமலே ஹம் என்ற இரைச்சல் கேட்டால் எர்த் வயர் அம்ப்ளிஃபயரில் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாக வாங்குகிறவர் பணம் முழுவதையும் மெசினில் போட்டுவிடாமல் காட்ரிஜின் சிக்னலைப் பெருக்கும் போனோ ப்ரீஅம்புக்கும் ஒதுக்கவேண்டும். எம்.எம். (மூவிங் மேக்னெட்) காட்ரிஜ் தருவது சில மில்லிவோல்ட்தான், அதற்கு 40 டெசிபல் அளவில் பெருக்கமும் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைச் சமப்படுத்தும் ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தமும் வேண்டும். பாவித்த டிரெக்ட் டிரைவ் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், மலிவான புதுப் பெல்ட் மெசினைவிட அதையே நான் எடுப்பேன். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் அனுப்பச் சொன்னால் டோன்ஆர்மின் பின்பாரத்தையும் காட்ரிஜ் பூட்டும் ஹெட்ஷெல்லையும் கழற்றி, சுழலும் தட்டைத் தனிப் பெட்டியில் வைத்து, டோன்ஆர்மை அதன் தாங்கியில் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத ஆளிடம் வாங்க வேண்டாம்.