ஐந்து சனிக்கிழமை வரும் மாதம்

திருப்பூரில் பவர் டேபிள் (பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட்) நடத்துபவர்களின் கணக்கு நோட்டைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படும் தவறு ஒன்று உண்டு. வாரக்கூலியை நாலால் பெருக்கி மாதச் செலவு என்று எழுதிவிடுவார்கள். வாரம் 80,000 ரூபாய் கூலி கொடுக்கும் யூனிட் என்றால் மாதம் 3,20,000, ஆண்டுக்கு 38,40,000. ஆனால் ஆண்டுக்கு 52 சனிக்கிழமை. அப்படிப் பார்த்தால் 41,60,000. தீபாவளி, பொங்கல் விடுமுறையில் ஒன்றிரண்டு வாரம் கூலி இறங்கும்தான்; அதைக் கழித்த பிறகும் ஓட்டை பெரிது. 2026இல் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபரில் ஐந்து சனி வருகிறது. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8. அக்டோபரில் ஐந்து கூலி கொடுத்த கையோடு போனஸுக்கும் பணம் புரட்ட வேண்டும்.

அதனால் இந்தத் தொழிலுக்கு மாத பட்ஜெட் ஒத்துவராது. 13 வாரத்துக்கு ஒரு தாள் போடுவதே சரி. வாரத்துக்கு ஒரு கட்டம்; ஒவ்வொன்றும் சனிக்கிழமையில் முடிய வேண்டும். மேலே கையிருப்பு, அடுத்து வர வேண்டிய பணம், கீழே கூலி, நூல், ஊசி, வாடகை, கரண்ட், மெஷின் தவணை, வரி. கடைசியில் மிச்சம். கூலி கொடுத்து முடித்ததும் போன வாரக் கட்டத்தை அடித்துவிட்டு, கடைசியில் புதிதாக ஒன்று சேர்க்க வேண்டும்.

செலவுப் பக்கம் சுலபம். வரவுப் பக்கத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பில்லில் '30 நாள்' என்று இருப்பதை நம்பி எழுதக் கூடாது. ஆர்டர் தந்த பார்ட்டி கடைசியாகப் பணம் கொடுத்த ஐந்தாறு பில்லுக்கு எத்தனை நாள் எடுத்துக்கொண்டார் என்று பார்த்து, அந்தத் தேதியில் எழுத வேண்டும். டேமேஜ், பீஸ் குறைவு என்று வழக்கமாகக் கழிப்பவராக இருந்தால் அந்தக் கழிவையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள சிறு யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். ஆர்டர் தருபவர்மேல் யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கெடு தாண்டி மார்ச் 31 வரை கொடுக்காத பாக்கியை அவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. பிப்ரவரி கடைசியில் அவருடைய கணக்காளரிடம் இதை நினைவூட்டினால் காரியம் நடக்கும்.

ஜி.எஸ்.டி.யை வரவில் சேர்ப்பது இன்னொரு பொறி. 4,00,000 ரூபாய் ஜாப் ஒர்க் (தையல் கூலி) பில்லுக்கு 5 சதவீதம், 20,000. பார்ட்டி பணம் தந்தாலும் தராவிட்டாலும், பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி கட்டியாக வேண்டும். நூல் போன்றவற்றுக்குக் கட்டிய வரி மட்டும் கழியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்யும் காலாண்டு ரிட்டர்ன் எடுத்தவர்கள் வரியும் காலாண்டுக்கு ஒருமுறைதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காலாண்டின் முதல் இரண்டு மாத வரியையும் அடுத்தடுத்த மாதம் 25ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இந்தப் பணத்துக்குத் தனி அக்கவுண்ட் வைத்தால் தொடத் தோன்றாது.

போனஸுக்கும் அப்படியே. குறைந்தபட்சம் 8.33 சதவீதம். சட்டக் கணக்குக்கு உச்சவரம்பு இருந்தாலும், ஒதுக்கும்போது மொத்தக் கூலியின்மேல் போடுவது பாதுகாப்பு: 80,000க்கு வாரம் 6,664. செப்டம்பரில் மொத்தமாகத் தேடினால் மூன்றரை லட்சம் கிடைக்காது, வட்டிக்குத்தான் கிடைக்கும்.

வெட்டிய துணி வராமல் டெய்லர்கள் சும்மா இருக்கும் நாளையும் தாளில் காட்ட வேண்டும். ஷிப்ட் கூலி ஓடும், வாடகை ஓடும், கரண்டுக்கு நிலைக்கட்டணமும் உண்டு. 13 வாரத்தில் ஒரு வாரமாவது பாதி வேலைதான் என்று எழுதிவைத்தால் பீஸ் ரேட் பேசும்போது அடிமாட்டு விலைக்கு இறங்க மனம் வராது.

மிச்சம் இரண்டு வாரக் கூலிக்குக் கீழே போகும் கட்டம் எது என்று பாருங்கள். அது ஆறாவது வாரம் என்றால் பார்ட்டியிடம் கேட்க வேண்டியது இன்றைக்கு. வாங்க நினைத்த ஓவர்லாக் மெஷினை அந்த வாரத்துக்கு அப்புறம் தள்ளிவைக்கலாம்.