ரொட்டிப் புத்தகம் தேடும் படலம்

ஜூன் 3

நூலகத்திலிருந்து எடுத்துவந்த ரொட்டிப் புத்தகங்கள் மேசையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. சொந்தமாக வாங்கப்போவது ஒன்றைத்தான். அட்டையைப் பார்த்து முடிவெடுப்பதாக இருந்தால் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதுதான். எல்லா ரொட்டியும் பொன்னிறம், எல்லாவற்றின் மேலும் மாவுத் தூவல், பக்கத்தில் கட்டாயம் ஒரு கசங்கிய துணி. அதனால் ஒவ்வொன்றிலும் முதலில் வரும் சாதா ரொட்டியின் செய்முறையை மட்டும் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

ஜூன் 4

கப் கணக்கு மட்டும் சொல்லும் புத்தகங்களை ஓரங்கட்டியாயிற்று. மாவைக் கரண்டியால் மெதுவாகக் கப்பில் போட்டால் 120 கிராம் அளவில் நிற்கும். கப்பையே மாவுக்குள் அழுத்தி அள்ளினால் 150-ஐத் தொட்டுவிடும். 3 கப் என்றால் ஒருவரிடம் 360 கிராம், இன்னொருவரிடம் 450. இரண்டிலும் 260 கிராம் தண்ணீர் ஊற்றுங்கள்: முதலாவது கையோடு ஒட்டிக்கொண்டு வரும், இரண்டாவது அசையாத கட்டி. இரண்டு பேரும் புத்தகத்தில் உள்ளபடியே செய்தவர்கள்!

ஜூன் 6

மாவை 100 என்று வைத்து மற்றதையெல்லாம் அதற்குச் சதவீதமாகச் சொல்வது பேக்கரிக்காரர்களின் வழக்கம். முந்தாநாள் போட்ட கணக்கையே எடுத்தால், ஒருவரின் மாவில் தண்ணீர் 72 சதவீதம், மற்றவருடையதில் 58. இந்த எண் கண்ணில் பட்டதுமே மாவு எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். உப்பு பெரும்பாலும் 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதிலிருந்து வெகுதூரம் போனால் அச்சுப்பிழையோ என்று சந்தேகப்படலாம்.

ஜெஃப்ரி ஹாமல்மேனின் ‘பிரெட்’ (2004) இந்தச் சதவீதத்தை எல்லாச் செய்முறைக்கும் கொடுக்கிறது. கனமான புத்தகம், தொழில் செய்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது. இரண்டாவது புத்தகமாக வாங்கலாம்.

ஜூன் 9

இன்றுதான் உருப்படியாக ஒன்று பிடிபட்டது. ஒரு புத்தகம், ‘பிசைந்த மாவை ஒரு மணி நேரம் மூடி வையுங்கள்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. யார் வீட்டு அறையில் ஒரு மணி நேரம்? 20 டிகிரியில் சோம்பிக் கிடக்கும் ஈஸ்ட் 30 டிகிரியில் பாய்ந்துகொண்டு போகும். குளிர்ப்பிரதேசத்துக்காரர் எழுதிய ‘இரவு முழுக்க வெளியில் வைக்கலாம்’ என்ற வரியை வெப்பமான அறையில் நம்பினால், காலையில் மாவு தொய்ந்து புளித்துக் கிடக்கும்.

நல்ல புத்தகம் நேரத்தைச் சொன்ன கையோடு அடையாளத்தையும் சொல்கிறது. மாவு எவ்வளவு உயர வேண்டும், மேற்பரப்பு எப்படி உப்பியிருக்கும், பாத்திரத்தின் ஓரத்தில் எந்த அளவு குமிழ். உருட்டி வைத்ததற்கு விரல் சோதனை: உலர்ந்த மாவைத் தொட்ட விரலால் லேசாக அழுத்த வேண்டும். குழி உடனே எழும்பிவிட்டால் இன்னும் பொறுக்கலாம். மெதுவாக, அரைகுறையாக எழும்பினால் அடுப்புக்குத் தயார். எழும்பவே இல்லையா, நேரம் கடந்துவிட்டது.

அதைவிட அருமை, தண்ணீரின் சூட்டைக் கணக்குப் போடச் சொல்லித்தருவது. பிசைந்த மாவு 25 டிகிரியில் இருக்க வேண்டுமென்றால் அதை மூன்றால் பெருக்கு, 75. அதிலிருந்து அறையின் சூட்டையும் உலர்ந்த மாவின் சூட்டையும் கழி. அறை 29, உலர்ந்த மாவு 28 என்றால் தண்ணீர் 18, அதாவது குளிர்ந்த தண்ணீர். ‘வெதுவெதுப்பான தண்ணீர்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிய புத்தகம் இந்த இடத்தில் காலை வாரிவிடும். (மெஷினில் பிசைந்தால் உராய்வுச் சூட்டுக்கும் சில டிகிரி கழிக்க வேண்டும்.)

ஜூன் 10

மாவின் பெயர்களில் நாட்டுக்கு நாடு குழப்பம். பிரெஞ்சு ‘டி 65’ என்பது, மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவை வைத்து வந்த எண். அமெரிக்கப் புத்தகத்தின் ‘பிரெட் ஃப்ளார்’ புரதம் கூடுதலான மாவு, 12 சதவீதத்துக்குக் கிட்டவோ மேலேயோ. பெயரோடு புரத அளவையும் எழுதும் ஆசிரியருக்கு ஒரு மதிப்பெண் கூட.

ஜூன் 14

கடைசிச் சுற்று. சாட் ராபர்ட்சனின் ‘டார்ட்டீன் பிரெட்’ (2010) படிக்கப் படிக்கச் சுகம். ஒரே அடிப்படை ரொட்டிக்குப் பக்கம் பக்கமாகப் படங்களோடு விளக்கம். ஆனால் எடுத்த எடுப்பிலேயே புளிமாவு (கடை ஈஸ்ட் சேர்க்காமல், மாவும் தண்ணீரும் தானாகப் புளித்து வருவது) வளர்க்கச் சொல்கிறது. ரொட்டி எழும்பாவிட்டால் குறை புளிமாவிலா, என் கையிலா என்று புதிதாகக் கற்பவருக்கு எப்படித் தெரியும்? முதலில் ஈஸ்ட், அப்புறம் மற்றது என்பதுதான் என் கட்சி.

கென் ஃபோர்கிஷின் ‘ஃப்ளார் வாட்டர் சால்ட் ஈஸ்ட்’ (2012) அந்த வரிசையில்தான் போகிறது: நேரடி ஈஸ்ட் ரொட்டி, பிறகு முன்கூட்டிப் புளிக்கவைத்த மாவு, கடைசியில் புளிமாவு. சரி, இதுதான். 1 கிலோ மாவில் இரண்டு ரொட்டி என்பது அவர் கணக்கு. சதவீதம் இருப்பதால் பாதியாக்குவது சுலபம், மாவு 500, தண்ணீர் 360. தண்ணீரை 32 முதல் 35 டிகிரிவரை சூடாக ஊற்றச் சொல்கிறார். என் அறைக்கு அது ஆகாது, குறைத்துத்தான் ஊற்றுவேன். மூடியுள்ள கனத்த இரும்புப் பாத்திரமும் கேட்கிறார். வீட்டில் ஒன்று இருக்கிறது. அதன் மூடிக் குமிழ் பிளாஸ்டிக், ரொட்டி சுடும் அடுப்பின் 245 டிகிரியைத் தாங்காது. கழற்றிவிட்டு உலோகக் குமிழ் போட வேண்டும்.