உட மாட்டான்

"கீழ உட்ற மாட்டானே சார்?"

"உட மாட்டாம்மா."

அவ்வளவுதான் பேச்சு. மூன்று வருடம் ஆகிறது. என்னிடம் ஜோடி ஸ்கேட்டிங் பழகிய பெண்ணின் அம்மா அவர். அந்த அம்மாவுக்கு வேறு என்னென்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "பாய் போட்டுத்தாம்மா பழகியிருக்காங்க" என்று சொல்லியிருக்கலாம். "நாலு மாசமா தரையிலேயே தூக்கிப் பழகிட்டுத்தான் சக்கரத்துக்கு வந்திருக்காங்க" என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மை. நான் சொன்னது மட்டும்தான் என்னால் உத்தரவாதம் தர முடியாத ஒன்று. அடுத்தவன் கைக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தக் கைக்குச் சொந்தக்காரன் நாலடி தள்ளி உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

ஏன் அவ்வளவு சட்டென்று சொன்னேன் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு மாதமாக நான் வேறு கேள்விக்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஜோடி ஸ்கேட்டிங்கில் பையன் பெண்ணின் இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். நம் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. அதற்கு முன் இரண்டு பெண் பிள்ளைகளை, பெரியவளானதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் ஊற்றும் சடங்குக்கு என்னையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, "இனிமே அனுப்ப மாட்டோம் சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று அங்கேயே சொன்னார்கள். அதனால் இந்த அம்மா முதல்முறையாகப் பயிற்சி பார்க்க வருகிறார் என்றதும் அந்தக் கேள்விதான் வரும் என்று நினைத்தேன். ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை. வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அந்த ஒரு நாளையும் விட்டுவிட்டு, முதல் பஸ் பிடித்து மகளோடு வந்திருந்தார். வந்தவர் பையன் தொடுவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கையைப் பார்த்தார், உயரத்தைப் பார்த்தார், கீழே சிமெண்ட் தரையைப் பார்த்தார். விழுந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவருக்குக் கவலை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில் வாயில் வந்ததுதான் அந்தப் பதில்.

ஜோடி ஸ்கேட்டிங்கை இங்கே யாரும் தேடி வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இன்லைன் ஸ்பீடுக்கு, அதாவது ஒரே வரிசையில் சக்கரம் வைத்த ஷூவில் ஓடும் பந்தயத்துக்கு வருகிறார்கள். பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு ஸ்பீடு ரிலேயில் ஆண்கள், பெண்கள் இரண்டிலும் வெண்கலம் கிடைத்தது, இரண்டு அணியிலும் சென்னைப் பிள்ளைகள் இருந்தார்கள். ஓடுவது யாருக்கும் புரியும், முதலில் வருபவன் ஜெயித்தான். ஜோடி என்றால் உயரம் பொருந்த வேண்டும், குணம் பொருந்த வேண்டும், இரண்டு வீடும் பொருந்த வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் இரண்டு பேருக்கும் பயிற்சி இல்லை. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் அனூப் குமார் யாமாவும் அவனி பாஞ்சாலும் ரோலர் ஜோடியில் வெண்கலம் வாங்கினார்கள் என்று சொன்னால், ஸ்கேட்டிங் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரே "அப்படி ஒண்ணு இருக்கா சார்?" என்கிறார்கள்.

ஐஸ் ரிங்க் நமக்கு ஏது? நான் கற்றுக்கொண்டதில் பாதி, ஐஸில் ஆடுபவர்களின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததுதான். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை என்று எனக்குத் தைரியம் கொடுத்தவர் சீனாவின் யாவ் பின். படங்களைப் பார்த்தே ஜோடி ஸ்கேட்டிங் பழகியவர். 1980 டார்ட்மண்ட் உலகப் போட்டியில் அவரும் அவர் ஜோடியும் கடைசி இடம். அப்புறம் பயிற்சியாளர் ஆனார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அவருடைய ஜோடிகளுக்குத் தங்கமும் வெள்ளியும். தங்கம் வாங்கிய ஷென் ஷுவேவுக்கு அப்போது 31 வயது, ஜாவ் ஹோங்போவுக்கு 36. நடுவில் முப்பது வருடம். கடைசி இடத்தில் நின்ற அந்த நாளுக்குப் பிறகு அவர் எப்படித் திரும்ப ரிங்குக்குப் போனார் என்று நான் பல நாள் நினைத்ததுண்டு.

தூக்குவது கை பலம் என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அது எண்ணிக்கை. ஒன்றில் இருவரும் முழங்காலை மடக்குவார்கள், இரண்டில் அவள் எம்புவாள், மூன்றில் அவன் கை நிமிரும். அவள் எம்பும் அந்த நொடியில் அவனும் எழுந்தால் முப்பத்துநாலு கிலோ பூப்போல ஏறும். அரை நொடி பிந்தினால் மூட்டை. மேலே போனபிறகு அவள் உடம்பை விறைப்பாக வைத்து, அவன் தோளை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பயந்து தளர்ந்தால் கனம் இரட்டிப்பாகும். அவள் காலில் மட்டும் ஷூவும் சக்கரமும் சேர்ந்து இரண்டரை கிலோ. இவ்வளவும் உருண்டுகொண்டே, சுற்றிக்கொண்டே. ஐஸில் விழுந்தால் உடம்பு கொஞ்ச தூரம் சறுக்கிப் போகும், அடியில் ஒரு பங்கு அந்தச் சறுக்கலில் கழியும். சிமெண்டில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே நிற்கும்.

அன்று காலை அவள் விழுந்தாள். மேலே முழுதாக ஏறிவிட்டாள், ஒரு சுற்றும் முடிந்தது. இரண்டாவது சுற்றில் அவன் வலது கால் இழுத்துக்கொண்டது. அவன் தன்னால் முடிந்தவரை அவளைத் தன் மேல் வாங்கப் பார்த்தான், ஆனாலும் இடது கையை ஊன்றிவிட்டாள். மணிக்கட்டு எலும்பு முறிவு.

அந்த அம்மா கத்தவில்லை. முதலில் மகளிடம் போனார், துப்பட்டாவைச் சுற்றிக் கையைத் தாங்கிப் பிடித்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்திருந்த பையனைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு அடி படலியே கண்ணு?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எலும்பு முறிவுக்கு நாட்டுக் கட்டுப் போடும் புத்தூருக்குக் கூட்டிப் போங்கள் என்று சிலர் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு. என்னிடம் ஒரு காசு வாங்கிக்கொள்ளவில்லை.

வேப்பங்கொட்டைதான் காரணம் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனி மாதம், காம்பவுண்டுக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்திலிருந்து பழம் கொட்டிக்கொண்டே இருக்கும். தினமும் ஐந்தரைக்கு முன்னால் நானே விளக்குமாறு எடுத்துப் பெருக்குவேன். அன்றும் பெருக்கினேன். அதற்குப் பிறகு காற்று அடித்தது. இரண்டு நாள் கழித்து அந்த இடத்தில் நசுங்கிய கொட்டை ஒன்றைப் பார்த்தேன். அது அந்தக் கொட்டைதானா என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

மாவுக்கட்டு பிரித்து, கைக்கான பயிற்சி முடிந்து, மூன்றாம் மாதமே அவள் ரிங்கில் இறங்கிவிட்டாள். பயம் என்பதே இல்லை. "எப்போ சார் லிஃப்ட்?" என்று அவளேதான் கேட்டாள். அவன்தான் இடுப்பில் கை வைப்பான், ஒன்று எண்ணுவான், இரண்டு எண்ணுவான், கையை எடுத்துவிடுவான். வேறு பையனை ஜோடி சேர்க்கிறேன் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். ரஷ்யாவின் இரினா ரோட்னினா உலானோவோடு நான்கு, ஜைட்சேவோடு ஆறு என்று பத்து உலகப் பட்டம் வாங்கிய கதையைச் சொன்னேன். "எனக்கு அவன்தான் சார். இல்லன்னா தனியா ஆடுறேன்" என்றாள். தனியாகத்தான் ஆடுகிறாள், நன்றாகவே ஆடுகிறாள்.

அவனுக்கு ஒரு வீடியோ காட்டினேன். 2004 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த போட்டியில் மாக்சிம் மரினின், தத்யானா தொத்மியானினாவைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றும்போது தடுமாறினார். தத்யானா தலை ஐஸில் அடிபட விழுந்தார். அப்படியே அசையாமல் கிடந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடமே அதே ஜோடி உலகப் பட்டம் வாங்கியது. 2006 டூரின் ஒலிம்பிக்கில் தங்கம். திரும்பத் தூக்குவதற்கு அவளைவிட அவருக்குத்தான் சிரமமாக இருந்தது, இருந்தும் தூக்கினார் பார் என்று சொன்னேன். அதே டூரினில் சீனாவின் ஜாங் தான், காற்றில் நாலு சுற்று சுற்றிவர எறியப்பட்டு, முழங்கால் அடிபட விழுந்து, எழுந்து வந்து மிச்சத்தை ஆடி வெள்ளி வாங்கியதையும் சேர்த்துக் காட்டினேன். தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தேன்.

அவன் எல்லாவற்றையும் பார்த்தான். "அந்த அக்காவோட அம்மா அங்க உக்காந்து பாத்துட்டு இருந்தாங்களா சார்?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, உட மாட்டான்னு."

அப்போதுதான் அவன் அதைக் கேட்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. என் பக்கத்து நியாயத்தை இன்றும் சொல்வேன். பையன் காதுபட "விட்டாலும் விடுவான்" என்று ஒரு மாஸ்டர் சொல்லலாமா? அப்படிச் சொன்ன பிறகு அவன் கை எப்படி எழும்பும்? நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொல்வதும் இந்த வேலையில் அடக்கம்தானே? சத்தமாகத்தான் சொன்னேன், அவனும் கேட்கட்டும் என்று உள்ளுக்குள் நினைத்துச் சொன்னேனோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. அப்படியானால் கேட்டது தெரியாது என்று மேலே எழுதியது முழுக்கச் சரியில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சக்கரத்தில் முழுதாகத் தூக்கிச் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து, அவர்கள் லிஃப்ட் போடும் ஒவ்வொரு முறையும் நான் பக்கத்திலேயே உருண்டு போவேன், கையை நீட்டியபடி. அவர்கள் சுற்றுவது என் கை எட்டும் தூரத்தில் இருக்கும். இருமுறை அவளை நான் பிடித்தும் இருக்கிறேன். அன்று நான் அந்த அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டு, எப்படி எண்ணுகிறார்கள் பாருங்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். காலில் செருப்பு. ஷூகூடப் போடவில்லை. வேப்பங்கொட்டையைப் பற்றி அத்தனை பேரிடம் பேசியவன் இதைப் பேசவில்லை. அந்த அம்மாவுக்கு இது தெரியாது. பையனுக்குத் தெரியும், அவன் ஒருமுறைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. நான் பக்கத்தில் இருந்திருந்தால் பிடித்திருப்பேனா? இரண்டாவது சுற்று, அந்த வேகம், முடிந்திருக்காது என்று சில நாள் நினைக்கிறேன். முடிந்திருக்கும் என்று சில நாள்.

இப்போது அவன் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை வந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். அவர்கள் விழும்போது அவன் பிடிக்கும் வேகம் எனக்கு வராது. யாரையும் தூக்குவதில்லை.

இந்த மே மாதம் காட்பாடி பக்கமிருந்து ஒருவர் மகளை ஜோடிக்குச் சேர்க்கலாமா என்று விசாரிக்க வந்தார். அதே கேள்வியைக் கேட்டார். நான் யோசித்து, நிதானமாக, "விழலாம் சார். விழாம இருக்க எல்லாம் செய்வோம், நானும் கூடவே இருப்பேன். ஆனாலும் விழலாம்" என்றேன். அவர் தலையாட்டினார், நன்றி சொன்னார். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை ஸ்பீடு வரிசையில் நின்றது. நல்ல உயரம், நல்ல பாலன்ஸ், மூன்று வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த பிள்ளை.

அன்று அவனும் இருந்தான். எல்லோரும் போனபிறகு பாயைச் சுருட்டிக்கொண்டே, "உட மாட்டோம்னு சொல்லியிருக்கலாமே சார்" என்றான்.

"நீ தூக்குவியாடா?" என்று கேட்டேன்.

பாயின் ஒரு முனையை என் பக்கம் தள்ளினான். மாட்டான் என்று இல்லை, மாட்டோம் என்றுதான் சொன்னான். யோசித்துச் சொன்னானா, வாயில் அப்படி வந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து பாயைத் தூக்கி அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம்.