அல்பைன் அணிக்கு இப்ப யாருங்ணா தலைவர்?

கொழிஞ்சாம்பாறையில் ஃபார்முலா ஒன் கார் பந்தயப் பேச்செடுத்தால் அது எப்படியும் அதில் ஓட்டிய நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயனில்தான் போய் நிற்கும். நேற்று பேக்கரியில் பசங்க கேட்டது, அந்தப் பந்தயத்தில் ஓடும் அல்பைன் அணியைப் பற்றிய இந்தத் தலைப்பை. நியாயமான கேள்விதான்.

2021-ல் ரெனோ அணி அல்பைன் ஆனபோதே அதன் தலைவர் சிரில் அபிடபூல் போய்விட்டார். 2022-ல் ஓட்மார் சாஃப்னவர் தலைவராக வந்தார். அந்த வருடம் நான்காம் இடம், பரவாயில்லை. ஆனால் 2023 பெல்ஜியம் பந்தயம் முடிவதற்குள், வெள்ளிக்கிழமையே, அவர் விலகுகிறார் என்று அறிவித்துவிட்டார்கள். ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியவில்லையா? அணி வேறு பெயரில் இருந்த 1989 முதலே அங்கே வேலை பார்த்த ஆலன் பெர்மேனும் கூடவே கிளம்பினார். அந்த அனுபவத்தை எந்தக் கடையில் வாங்குவது?

அப்புறம் தலைவர்களாக புரூனோ ஃபாமின், ஆலிவர் ஓக்ஸ். ஓக்ஸ் 2025 மே மாதம் ராஜினாமா. பொறுப்பு ஃபிளாவியோ பிரியாதோரே கைக்குப் போனது. அணி முன்பு வேறு பெயர்களில் இருந்தபோது இதே தொழிற்சாலையில் ஷூமாக்கரையும் அலோன்சோவையும் சாம்பியன் ஆக்கியவர்; 2008 சிங்கப்பூரில் வேண்டுமென்றே காரை மோதவிட்ட விவகாரத்தில் தடை வாங்கியவரும் அவரேதான். (தடையைப் பிரெஞ்சு நீதிமன்றம் பிறகு ரத்து செய்தது, சரி.)

2025 முடிவில் பத்து அணிகளில் பத்தாம் இடம். ஒரு தலைவர் திட்டம் போட்ட கார் டிராக்குக்கு வருவதற்குள் அடுத்தவர் வந்துவிட்டால் வேறென்ன ஆகும்? 2026-க்கு சொந்த எஞ்சினையும் விட்டுவிட்டு மெர்சிடிஸ் எஞ்சினுக்கு மாறிவிட்டார்கள்.

2025 செப்டம்பரில் அன்றாட நிர்வாகத்துக்கு வந்த ஸ்டீவ் நீல்சனையாவது ரெண்டு மூணு சீசன் நிம்மதியா விட்டு வைங்கப்பா.